முதல் முறை பள்ளிக்குப் போகும் குழந்தை: ஜூன் மாதத்துக்கு முன்னும் பின்னும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எந்த மழலையர் பள்ளி வாசலுக்குப் போனாலும் அழுகைச் சத்தம் கேட்கும். உள்ளே பிள்ளை அழும்; கேட்டுக்கு வெளியே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்; பக்கத்தில் தாத்தா, "இவ்ளோ சின்னதுல எதுக்கு அனுப்பணும்" என்று முணுமுணுப்பார். மழலையர் வகுப்பில் வேலை பார்த்தவள் நான். அந்த அழுகையில் பாதியை வீட்டிலேயே குறைத்துவிடலாம் என்று உறுதியாகச் சொல்வேன். மீதிப் பாதி இருக்கத்தான் செய்யும், அதில் தவறொன்றும் இல்லை.

இரண்டரை, மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் வருடத்தில் ஒரே ஒரு பாடம்தான். விட்டுவிட்டுப் போகிற அம்மா சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவாள். அதுவரை என்னைப் பார்த்துக்கொள்ள இங்கே ஒருவர் இருக்கிறார். இந்த நம்பிக்கை வந்துவிட்டால் பாட்டு, படம், எழுத்து எல்லாம் பின்னாலேயே வரும். வராவிட்டால் எவ்வளவு பெரிய பள்ளியாக இருந்தாலும் பயன் இல்லை. கீழே சொல்லியிருப்பது எல்லாமே இந்த நம்பிக்கைக்கான ஏற்பாடுகள்.

எந்த வயதில், எங்கே

தமிழ்நாட்டில் எல்.கே.ஜி. சேர, அந்த ஆண்டு ஜூலை 31-க்குள் குழந்தைக்கு 3 வயது முடிந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அதற்கு முந்தைய வருடம் ப்ரீ-கே.ஜி. அல்லது ப்ளே ஸ்கூல். ப்ரீ-கே.ஜி. கட்டாயம் இல்லை. வீட்டில் பாட்டியோ வேறு குழந்தைகளோ இருந்து, ஓடி விளையாட இடமும் இருந்தால், நேராக எல்.கே.ஜி.யில் சேர்ப்பதால் குழந்தைக்கு எந்த நஷ்டமும் இல்லை. அடுக்குமாடி வீட்டில் அம்மா, அப்பா, கைப்பேசி என்று மூன்றே துணையோடு வளரும் குழந்தைக்கு, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மற்ற குழந்தைகளோடு இருப்பது நல்லதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதற்காக மட்டும் அனுப்ப வேண்டாம்.

தனியார் பள்ளியை யோசிப்பதற்கு முன்னால் உங்கள் தெருவுக்குப் பக்கத்து அங்கன்வாடியை ஒருமுறை போய்ப் பாருங்கள். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வரும் இந்த மையங்கள் தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் இருக்கின்றன. 2 வயது முடிந்த குழந்தையைச் சேர்க்கலாம். கட்டணம் கிடையாது, மதியம் சூடான சாப்பாடு, வாரத்தில் 3 நாள் முட்டை. "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்ற பெயரில் பாட்டும் கதையும் விளையாட்டுமாகத் தனிப் பாடத்திட்டம்கூட உண்டு. 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன. மையத்துக்கு மையம் தரம் மாறும் என்பது உண்மை. ஆனால் நல்ல டீச்சரும் அன்பான ஆயாம்மாவும் இருக்கிற அங்கன்வாடி, மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடத்தைவிடக் குழந்தைக்கு நல்ல இடம். நடந்து போகும் தூரத்தில் இருப்பதும், வீட்டில் பேசுகிற அதே தமிழை அங்கேயும் பேசுவதும் முதல் நாட்களில் பெரிய ஆறுதல்.

தனியார் பள்ளியில் சேர்க்க நினைத்து, வருமானம் குறைவாக இருந்தால், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிவடைந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது எல்.கே.ஜி.யிலிருந்து பொருந்தும், ப்ரீ-கே.ஜி.க்குப் பொருந்தாது. நலிவடைந்த பிரிவுக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய், வீட்டிலிருந்து பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விண்ணப்ப அறிவிப்பு எப்போது வருகிறது என்று ஏப்ரலிலிருந்தே கவனித்துக்கொண்டிருங்கள். இன்னொன்று: அட்மிஷனுக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைப்பதையும் நன்கொடை வாங்குவதையும் இதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடை செய்கிறது. "குழந்தை கலர் பேர் சொல்லுமா" என்று அட்மிஷன் மேஜையில் கேட்டால், அந்தப் பள்ளியைப் பற்றி உங்களுக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது.

பள்ளியைப் போய்ப் பார்க்கும்போது

அட்மிஷன் ஆபீஸில் உட்கார்ந்து பிரோஷர் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். வகுப்பு நடக்கிற நேரத்தில் போங்கள். பத்து நிமிடம் வகுப்பறை ஓரமாக நின்றால் போதும், பாதி தெரிந்துவிடும். மிஸ் குழந்தையிடம் பேசும்போது குனிந்தோ உட்கார்ந்தோ பேசுகிறாரா, நின்றபடி மேலிருந்து அதட்டுகிறாரா? அழுகிற பிள்ளையை யாராவது தூக்கிக்கொள்கிறார்களா, மூலையில் விட்டிருக்கிறார்களா? குழந்தைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் நல்லது. மூன்று வயதுக் குழந்தைகள் இருபது பேர் வாயில் விரல் வைத்து அமைதியாக உட்கார்ந்திருக்கிற வகுப்பைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள் என்று கேளுங்கள். தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கு தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறிமுறையில் 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும், கூடவே ஒரு உதவியாளரும் வேண்டும். 35 பேருக்கு ஒரு மிஸ் என்றால், உங்கள் குழந்தை உச்சா வருகிறது என்று சொல்வதை யார் கேட்பார்?

பிறகு கழிப்பறை. இதைக் காட்டத் தயங்குகிற பள்ளியில் சேர்க்காதீர்கள். குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற சின்னக் கோப்பை இருக்கிறதா, தரை ஈரமில்லாமல் இருக்கிறதா, கால் கழுவிவிட ஆயா இருக்கிறாரா, கை கழுவக் குழாயும் சோப்பும் எட்டுகிற உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கழிப்பறை பிடிக்காத குழந்தை காலை முழுக்க அடக்கிக்கொண்டு இருக்கும். தண்ணீரும் குடிக்காது. சாயங்காலம் வயிற்று வலி என்று அழும். பல பெற்றோர் இதை "ஸ்கூல் பிடிக்கலை" என்று புரிந்துகொள்கிறார்கள்.

பாதுகாப்பைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக் கூரையும் குறுகலான வழியும் அதற்குக் காரணங்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு எல்.கே.ஜி. குழந்தை பள்ளி வளாகத்துக் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. அதனால் வளாகத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். சம்ப், செப்டிக் டேங்க் மூடிகள் துருப்பிடிக்காமல் உறுதியாக இருக்கின்றனவா? வகுப்பறை தரைத்தளத்தில் இருக்கிறதா? வெளியே வர இரண்டாவது வழி உண்டா? கேட்டில் ஆள் இருக்கிறாரா, குழந்தையை யார் வந்து கேட்டாலும் அனுப்பிவிடுவார்களா, இல்லை அடையாள அட்டை பார்ப்பார்களா? பதில் சொல்பவர் முகம் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னால் அதுவே ஒரு நல்ல அடையாளம்.

காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழ்தான் முதலில் வேண்டும். அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். பெயர் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு மே மாதக் கடைசியில் ஓடுகிறவர்கள் நிறையப் பேர். பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தத்தின்படி, அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கான ஆவணம் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. ஆதார், போட்டோ, தேவைப்பட்டால் சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். தடுப்பூசி அட்டையில் 16 முதல் 24 மாதத்தில் போடும் பூஸ்டர் ஊசிகள் விடுபட்டிருந்தால், பள்ளி திறப்பதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடுங்கள்.

ஒரு மாதம் இருக்கும்போது

இங்குதான் வேலை அதிகம், ஆனால் செலவு இல்லை.

முதலில், வீட்டில் எல்லோரும் ஒரு விஷயத்தை நிறுத்த வேண்டும்: "சேட்டை பண்ணினா ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டுருவேன்", "மிஸ்கிட்ட சொல்லிருவேன், அடிப்பாங்க" என்று பயமுறுத்துவது. சாப்பிடவைக்கப் பூச்சாண்டியைக் கூப்பிடும் பழக்கத்தில் இதுவும் சேர்ந்துவிட்டது. ஒரு வருடம் முழுக்கப் பள்ளியைத் தண்டனையாகச் சொல்லிவிட்டு, ஜூன் மாதம் சிரித்துக்கொண்டே உள்ளே போகச் சொன்னால் குழந்தை எப்படி நம்பும்? தாத்தா, பாட்டி, மாமா எல்லோரிடமும் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கமும் வேண்டாம். "ஸ்கூல்ல ஒரே ஜாலி, நிறைய சாக்லேட்" என்று ஏற்றிச் சொன்னால் முதல் நாளே ஏமாற்றமாகிவிடும். உள்ளதைச் சொல்லுங்கள்: "அங்க மிஸ் இருப்பாங்க, பாப்பாங்கல்லாம் இருப்பாங்க. விளையாடுவீங்க, பாட்டுப் பாடுவீங்க, ஸ்நாக்ஸ் சாப்பிடுவீங்க. அப்புறம் அம்மா வந்து கூட்டிட்டு வந்துருவேன்."

அடுத்தது, பிரிந்து இருக்கப் பழக்குவது. அத்தை வீட்டில் அரை மணி, பிறகு ஒரு மணி, பிறகு ஒரு முழுக் காலை. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போகாதீர்கள். மூன்று வயதுக்கு மணிக்கணக்கு தெரியாது. அதற்குத் தெரிந்த கணக்கில் சொல்லுங்கள். "நீ பருப்புச் சாதம் சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்" என்றால் அதற்குப் புரியும்.

தூக்கத்தைச் சரிசெய்ய இரண்டு, மூன்று வாரம் வேண்டும். 3, 4 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரவு பதினொரு மணிவரை டிவி சீரியலோடு விழித்திருக்கும் குழந்தையைக் காலை ஏழு மணிக்கு எழுப்பினால் அது அழுவது பள்ளியை நினைத்து அல்ல, தூக்கத்துக்காக. மே நடுவிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை பத்து, பதினைந்து நிமிடம் முன்னதாகப் படுக்கப் போடுங்கள். வீட்டில் எல்லோரும் விளக்கை அணைத்தால்தான் இது நடக்கும்.

கழிப்பறைப் பழக்கத்துக்கு அவசரம் காட்டாதீர்கள். டயப்பர் விடாத குழந்தையைச் சில பள்ளிகள் எடுப்பதில்லை, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையே இதற்கு நல்ல காலம். வெறும் ஜட்டியோடு விட்டு, எழுந்ததும், சாப்பிட்டதும், வெளியே கிளம்பும் முன்பும் உட்காரவைத்தால் பெரும்பாலான குழந்தைகள் பிடித்துக்கொள்வார்கள். நனைத்துவிட்டால் திட்டாமல் துடைத்துவிடுங்கள். வீட்டில் இந்தியன் டாய்லெட், பள்ளியில் வெஸ்டர்ன் என்றால் இரண்டிலும் ஒருமுறையாவது உட்கார்ந்து பழகியிருக்கட்டும். பொத்தானும் பெல்ட்டும் வைத்த டிரவுசர் வேண்டாம். எலாஸ்டிக் போதும், தானே இறக்கி ஏற்றும்.

தானாகச் சாப்பிடுவதும் அப்படித்தான். நம் வீடுகளில் மூன்று வயது வரை ஊட்டிவிடுவது சாதாரணம். நிலாவைக் காட்டி ஊட்டியது போய் இப்போது போனைக் காட்டி ஊட்டுகிறோம். இருபது குழந்தைகளுக்கு மிஸ் ஊட்ட முடியாது. பள்ளிக்குக் கொடுக்கப்போகும் அதே டப்பாவை வீட்டிலேயே பத்து மணிக்குக் கொடுங்கள். மூடியைத் தானே திறக்கட்டும், தரையில் உட்கார்ந்து தானே சாப்பிடட்டும், போன் இல்லாமல். கீழே பாதி சிந்தும். சிந்தட்டும்.

பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இந்த வயதுக் கைக்குத் தேவை சப்பாத்தி மாவை உருட்டுவது, பட்டாணி உரிப்பது, மணலைக் குவிப்பது, துணிக் கிளிப்பை அழுத்துவது. விஜயதசமி அன்று தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதவைக்கிறோம் அல்லவா, அந்த அளவு எழுத்து இந்த வயதுக்குப் போதும். ஜூனில் மனம் வராத குழந்தையை அதே விஜயதசமிக்குச் சேர்ப்பதும் நம் ஊரில் நடப்பதுதான். பள்ளியில் இடம் இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

பையும் டப்பாவும்

ஸ்நாக்ஸ் டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு மாற்று உடை, இரண்டு ஜட்டி, நனைந்த துணியைப் போட ஒரு பிளாஸ்டிக் கவர், ஒரு கைக்குட்டை. ப்ரீ-கே.ஜி. பைக்கு இவ்வளவுதான் வேண்டும். எல்லாவற்றிலும் அழியாத மார்க்கரால் பெயர் எழுதுங்கள்; ஒரே கடையில் வாங்கிய ஒரே நீல பாட்டில் பத்து இருக்கும். எழுத்துத் தெரியாத குழந்தைக்குத் தன் பொருளைக் கண்டுபிடிக்க ஒரு பட ஸ்டிக்கர் உதவும். ஷூவில் லேஸ் வேண்டாம், ஒட்டும் பட்டை வைத்தது வாங்குங்கள்.

டப்பாவில் முதல் வாரம் புதுச் சமையல் எதுவும் செய்யாதீர்கள். குழந்தைக்கு மிகவும் பழகின, கையால் எடுத்துச் சாப்பிடக்கூடிய ஒன்று போதும்: மினி இட்லி, தோசைத் துண்டு, வாழைப்பழம், வேகவைத்த சர்க்கரைவள்ளி. நிலக்கடலை, பாப்கார்ன், கடினமான முறுக்கு, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் இவை தொண்டையில் அடைக்கும். 4 வயது ஆகும் வரை பள்ளி டப்பாவில் வைக்காதீர்கள். திராட்சை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். ஏதாவது உணவு ஒவ்வாமல் போனால் மிஸ்ஸிடம் வாயால் மட்டும் சொல்லாமல் டைரியில் எழுதிக் கொடுங்கள்.

தங்கச் சங்கிலி, தொங்கட்டான், முத்து வைத்த கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். காதில் சின்னத் தோடு போதும், அதன் திருகு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். முத்தும் திருகும் கழன்று வாய்க்கும் மூக்குக்கும் போவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

பையில் வைக்க வேண்டிய மிக முக்கியமான பொருள் ஒரு காகிதம். யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் எனக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்று கிடைத்ததில்லை. உங்கள் குழந்தை வீட்டில் பேசும் சொற்களை எழுதி மிஸ்ஸிடம் கொடுங்கள். ஒரு அம்மா கொடுத்த காகிதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "மம்மம் என்றால் சாதம். தாச்சி என்றால் தூக்கம். மூச்சா என்றால் சிறுநீர். 'குக்கு வேணும்' என்றால் கழுத்தில் தூக்கிக்கொள்ளச் சொல்கிறான். பயம் வந்தால் காது மடலைத் தடவிக்கொள்வான். அப்போது முதுகில் தட்டிக்கொடுத்தால் போதும்." அந்தக் குழந்தை முதல் நாள் காதைத் தடவ ஆரம்பித்ததும் நான் முதுகில் தட்டினேன். திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மடியில் வந்து உட்கார்ந்துகொண்டான். ஆங்கில வழிப் பள்ளிகளில் இது இரண்டு மடங்கு அவசியம். "வாட்டர்", "வாஷ்ரூம்" என்று சொல்லத் தெரியும்வரை அங்கே குழந்தை வாய் திறக்காமல் இருந்துவிடக்கூடும். தமிழில் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று மிஸ்ஸிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்காக வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாற வேண்டிய தேவை இல்லை. சாயங்காலம் வந்து தன் கதையைச் சொல்ல அதற்கு ஒரு மொழி மிச்சம் இருக்க வேண்டும்.

முதல் நாள் காலை

அவசரம் இல்லாமல் இருப்பதுதான் முக்கால் வேலை. அரை மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். சாமி கும்பிட்டு, தாத்தா பாட்டி காலில் விழுந்து, போட்டோ எடுத்து என்று சடங்குகள் இருந்தால் அவற்றை முந்தின நாள் சாயங்காலமே முடித்துக்கொள்ளலாம். வாசலுக்கு நான்கு பேராகப் போகாதீர்கள். யார் தினமும் கொண்டுபோய் விடப்போகிறார்களோ அவர் மட்டும் போகட்டும். அம்மாவைப் பிரியும்போதுதான் அதிகம் அழுகிறது என்றால் அப்பா கொண்டுபோய் விடலாம். இது பல வீடுகளில் வேலை செய்கிறது.

வாசலில் செய்ய வேண்டியது இதுதான். உட்கார்ந்து குழந்தையின் முகத்துக்கு நேராக உங்கள் முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாக்கியம்: "நீ ஸ்நாக்ஸ் சாப்பிட்டு, விளையாடி முடிச்சதும் அம்மா இங்கயே வந்து நிப்பேன்." ஒரு முத்தம். மிஸ்ஸின் கையில் குழந்தையின் கையைக் கொடுங்கள். டாட்டா காட்டுங்கள். திரும்பி நடங்கள்.

திரும்பிப் பார்க்காதீர்கள், மறுபடி உள்ளே போகாதீர்கள். அழுகை கேட்டு ஓடிப்போய்த் தூக்கினால், இன்னும் கொஞ்சம் அழுதால் அம்மா வந்துவிடுவாள் என்று குழந்தை தெரிந்துகொள்ளும். நாளைய அழுகை நீளும்.

இதைவிடக் கெட்டது, பொம்மையைக் காட்டிக் கவனத்தைத் திருப்பிவிட்டு நைசாக நழுவுவது. சில பள்ளிகளே இப்படிச் செய்யச் சொல்கின்றன. அன்றைக்கு அழுகை குறைந்த மாதிரித் தெரியும். குழந்தை நிமிர்ந்து பார்க்கும்போது அம்மா இல்லை. அன்றிலிருந்து வீட்டில்கூட நீங்கள் குளிக்கப் போனால் கதவைத் தட்டும், இரவு தூக்கத்தில் உங்கள் சேலையைப் பிடித்துக்கொள்ளும். சொல்லாமல் மறையக்கூடியவள் அம்மா என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அந்த நம்பிக்கையைத் திரும்பக் கட்டுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அழுதாலும் சொல்லிவிட்டே போங்கள்.

முதல் இரண்டு, மூன்று நாள் ஒரு மணி நேரம், அந்த வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம், அடுத்த வாரம் முழு நேரம் என்று கூட்டிக்கொண்டு போக அனுமதி கேளுங்கள். அம்மா சேலையின் சின்னத் துண்டையோ, வீட்டுப் பொம்மை ஒன்றையோ கையில் வைத்துக்கொள்ள விடுவார்களா என்றும் கேளுங்கள்.

அழைத்துப்போகப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். மற்ற பிள்ளைகளெல்லாம் போன பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு, காலையில் நீங்கள் கொடுத்த வாக்கு அத்தோடு போயிற்று. முதல் மாதத்தில் வேலைக்குப் போகும் அம்மாக்கள் லீவு, பெர்மிஷன் எதை மிச்சம் வைத்திருந்தாலும் இந்த நேரத்துக்குச் செலவு செய்யுங்கள். உங்களைப் பார்த்ததும் குழந்தை இன்னும் பெரிதாக அழலாம். அதுவரை அடக்கிவைத்ததை உங்களிடம் கொட்டுகிறது. தூக்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

முதல் சில வாரங்கள்

"இன்னிக்கு என்ன படிச்ச?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். அதற்குப் பதில் தெரியாது. குளித்து, சாப்பிட்டு, மடியில் சாய்ந்திருக்கும்போது "யாரு பக்கத்துல உக்காந்தா?", "டப்பாவை யாரு திறந்து குடுத்தா?", "யாரு அழுதா இன்னிக்கு?" என்று சின்னதாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது தானாகப் பாட்டு வரும்.

இரண்டாவது வாரம் ஒரு சரிவு வரும், தயாராக இருங்கள். முதல் வாரம் அழாமல் போன குழந்தை, இது தினமும் நடக்கப்போகிறது என்று புரிந்த பிறகு அழ ஆரம்பிக்கும். திங்கட்கிழமைகளும் அப்படித்தான். வீட்டில் மறுபடி படுக்கையை நனைப்பது, விரல் சூப்புவது, தம்பியை அடிப்பது, சாப்பாட்டைத் தள்ளிவிடுவது எல்லாம் நடக்கும். பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும். இந்த நாட்களில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள்: பால் பாட்டிலை நிறுத்துவது, தனியே படுக்கவைப்பது, வீடு மாறுவது இவற்றை முடிந்தால் தள்ளிப்போடுங்கள். அழுகிறது என்று நடுவில் மூன்று நாள் நிறுத்திவைத்தால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். உடம்பு சரியில்லாவிட்டால் ஒழிய, தினமும் அனுப்புங்கள்.

வேன், ஆட்டோ முதல் மாதத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. அம்மாவிடமிருந்து நேராக மிஸ் கைக்குப் போவதுதான் நல்லது. நடுவில் ஒரு புதிய டிரைவர், புதிய நெரிசல், குழந்தைக்கு அது கூடுதல் பாரம். பிறகு போடும்போதும் விசாரியுங்கள். 2012-ல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகு, தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளே கொண்டுவந்தார்கள். வாகனத்தில் உதவியாளர் இருக்க வேண்டும். ஏற்றி இறக்குவது அவர் பொறுப்பு. பன்னிரண்டு பிள்ளைகளைத் திணித்துப் போகும் ஆட்டோவில், மலிவாக இருக்கிறது என்று ஏற்றாதீர்கள்.

சளி, காய்ச்சல்

முதல் வருடம் குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்கும். வீட்டில் பார்க்காத கிருமிகளை உடம்பு சந்திக்கிறது, அவ்வளவுதான். உங்கள் வளர்ப்பில் குறை ஒன்றும் இல்லை. காலையில் காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பத்து மணிக்கு மருந்தின் வேகம் இறங்கியதும் குழந்தை வகுப்பில் சுருண்டு படுத்துவிடும், பக்கத்தில் இருக்கும் ஐந்து பேருக்கும் பரவும். மருந்து இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்புங்கள்.

உள்ளங்கை, பாதம், வாய்க்குள் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால் அது பெரும்பாலும் கை-கால்-வாய் நோய். அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டிவிட்டு மருத்துவரிடம் காட்டாமல் இருந்துவிடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் தானாக ஆறும். ஆனால் வாய்ப் புண்ணால் குழந்தை தண்ணீர்கூடக் குடிக்காமல் உடம்பு வற்றிப்போகலாம், அதைத்தான் கவனிக்க வேண்டும். மோர், இளநீர், ஆறிய கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் போவது குறைந்தால் உடனே மருத்துவமனை. பள்ளிக்கும் தெரியப்படுத்துங்கள், மறைக்காதீர்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குடற்புழு நீக்க மாத்திரை கொடுப்பார்கள். அந்த நாளில் குழந்தை போகவில்லை என்றால் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

எதைக் கண்டால் பேச வேண்டும்

வாசலில் அழுவது வேறு, நாள் முழுக்க அழுவது வேறு. நீங்கள் போன பிறகு எவ்வளவு நேரம் அழுகிறது என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் அடங்கி விளையாடுகிறது என்றால் கவலை வேண்டாம். ஆறு வாரம் தாண்டியும் வகுப்பில் சாப்பிடவே இல்லை, யாரோடும் ஒட்டவே இல்லை, இரவில் அலறி எழுகிறது என்றால் பொறுமையாக இருந்தது போதும். மிஸ்ஸோடு உட்கார்ந்து பேசுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாதது, கண்ணைப் பார்க்காதது இவற்றை மிஸ் எடுத்துச் சொன்னால் கோபப்படாமல் கேளுங்கள். குழந்தை மருத்துவரிடம் செவித்திறனிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். சீக்கிரம் பார்த்தால் சீக்கிரம் உதவி கிடைக்கும்.

உடம்பில் காயம், கிள்ளிய தடம், குறிப்பிட்ட ஓர் ஆளைப் பார்த்தால் மட்டும் நடுக்கம், உடை மாற்ற விடாமல் அலறுவது இவை வேறு வகை. அன்றே பள்ளிக்குப் போங்கள். "பாப்பா பொய் சொல்லும்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உங்கள் குழந்தை உங்களிடம் சொன்னதற்கு முதலில் "சொன்னது நல்லது கண்ணு" என்று சொல்லுங்கள். சரியான பதில் வராவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். ஜட்டிக்குள் இருக்கும் இடத்தை அம்மா, கழுவிவிடும் ஆயா, அம்மா கூட இருக்கும்போது டாக்டர் தவிர யாரும் தொடக்கூடாது, தொட்டால் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பதைக் குளிப்பாட்டும்போது சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

குழந்தை பழகிவிட்டதா என்பதை அழுகையை வைத்து மட்டும் அளக்க வேண்டாம். வீட்டில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, "எல்லாரும் கை கழுவுங்க" என்று மிஸ் குரலில் அதட்ட ஆரம்பித்தால் பழகிவிட்டது. அதன் பிறகு வேன் போடலாம், முழு நாள் வகுப்புக்கு மாற்றலாம்.

காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்து அனுப்பும் முதல் நாள் அழுகை திரும்ப வரும். விடுமுறையின் கடைசி மூன்று நாள் பழைய நேரத்துக்கே எழுப்பி, பத்து மணிக்கு அதே டப்பாவில் ஸ்நாக்ஸ் கொடுங்கள். பள்ளி திறக்கும் அன்று நீங்களே கொண்டுபோய் விட்டு, டாட்டா சொல்லி, பத்து நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும்.